ஒன்றாம் நம்பர் லேன்

"அந்த நீலச் சட்டையை எடு" என்றார் அப்பா.

அம்மா தட்டைத் துடைத்தபடியே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"நீலச் சட்டை. காலர் வெச்சது. பனியனோடயா அங்க வர முடியும்?"

பதினாலு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சட்டை அது. அம்மா அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடினாள். சட்டை கண்ணெதிரிலேயே தொங்கியது. ஆனாலும் தேடினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த வீட்டில் அதைவிட வசதியான இடம் இல்லை.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதன்முதலாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தம்பிக்கும் அதே தொழில். இருபது வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே வண்டியில் போய், ஒரே பையில் இருந்த கருவிகளை எடுத்து வேலை பார்த்தவர்கள். போன வருடம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அப்பா லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மேலே மெஷின் அறையில் இருந்த தம்பி மின்சாரத்தைப் போட்டுவிட்டார். கூண்டு குலுங்கி நகர்ந்தது. அப்பா பக்கத்துக் குழியில் இரண்டு மாடி ஆழத்துக்கு விழுந்தார்.

இடுப்புக்குக் கீழே இப்போது உணர்வு இல்லை. வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு ஒரு தம்ளர் தண்ணீரே கனம்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அம்மா கொழுந்தனிடம் சொன்ன வார்த்தை இது: "என் புருஷனைக் குழியில தள்ளினவன் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவர் மிதிக்கவில்லை. தன் பக்கத்தை எடுத்துச் சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போனவர் போனவர்தான்.

அப்பாவும் அவரைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் பேசவில்லை என்பதுதான் சரி. ஜன்னல், தொலைக்காட்சி, கட்டில், மறுபடி ஜன்னல். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வெந்துபோனவள் குருவி.

குருவி அந்த வீட்டின் ஒரே பெண். இருபத்தோரு வயது. வாய் ஓயாததால் அப்பா வைத்த பெயர். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுக்கப் போனில் பேசி, யாருக்கு எந்த நேரம், யாருக்கு ஊசி என்றால் பயம், யாருக்கு ரத்த அழுத்தம் என்று எழுதி வைப்பதுதான் அவள் பிழைப்பு.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. மனஸ்தாபம் கொண்ட இருவரை எதிரெதிரே உட்கார வைத்தால் பேச மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரையும் ஒரே திசையைப் பார்க்க வைத்தால் ஏதாவது வாயில் வரும். 'அடடா, ஒரு கட்டை மிச்சம் நிக்குதே' என்றாவது வரும். அது போதும்.

விபத்துக்கு முன்பு சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அண்ணனும் தம்பியும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள். அங்கே போன் செய்து விசாரித்தாள். பந்து உருளும் பாதைகளில் முதலாவதான ஒன்றாம் நம்பர் லேனுக்குப் படியே கிடையாது, சக்கர நாற்காலி நேராகப் போகும் என்றார்கள். கையால் பந்தைத் தூக்க முடியாதவர்களுக்கு ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறதாம். மடி உயரத்துக்கு நிற்கும். அதன் தலையில் பந்தை வைத்து ஒரு விரலால் தள்ளினால் சரிந்து உருண்டு ஓடும்.

மூன்று முறை போன் செய்து உறுதி செய்துகொண்டாள். சனிக்கிழமை, மூன்று மணி, ஒன்றாம் நம்பர் லேன், இரும்புச் சட்டம். மூன்று முறையும் "கண்டிப்பா மேடம்" என்றார்கள்.

நான்காவதாக ஒரு போன் செய்தாள். அது சித்தப்பாவுக்கு. அதை அம்மாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை.

---

நாற்காலியிலிருந்து காருக்கு மாற ஒரு வழுவழுப்பான பலகை உண்டு. ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையைக் கார் இருக்கையிலும் வைத்து, அப்பாவை மெல்ல நகர்த்துவார்கள். வழக்கமாக ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இந்தப் பலகை வெளியே வரும். அப்போதெல்லாம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

இன்றைக்கு, "மெதுவா, மெதுவா. லோடு ஜாஸ்தின்னா மணி அடிக்கும்" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கத்தரித்து அவள் கட்டைவிரலில் காய்த்துப் போயிருந்தது. அந்த விரலால் அவருடைய காலரைச் சரிசெய்தாள். அவர் தடுக்கவில்லை.

பவுலிங் கூடம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஏறியதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். குருவி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்ததும் பழசு ஞாபகம் வந்துவிட்டதோ?

"கதவு உருளை தேஞ்சு போச்சு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "சத்தத்தைக் கேளு. இன்னும் ஒரு மாசம் தாங்காது."

குருவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குருவியைப் பார்த்தாள். பழைய மனுஷன் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேயேதான் இருந்திருக்கிறார்.

கதவு திறந்ததும் சத்தம் வந்து மோதியது. மரத்தரையில் பந்து விழும் சத்தம், கட்டைகள் சரியும் சத்தம், பாட்டு, குழந்தைகளின் கூச்சல். வாடகைக் காலணிகளுக்கு அடிக்கும் மருந்தின் நெடி. அப்பா மூக்கை விரித்து அதை ஒரு இழுப்பு இழுத்தார்.

ஒன்றாம் நம்பர் லேன் கதவுக்கு நேரேதான் இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஒரே நிறத்துச் சட்டையில், அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

---

"மூணு மணிக்கு ஒன்றாம் நம்பர் லேன். என் பேர்ல பதிவு இருக்கும்" என்றாள் குருவி.

கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "இருக்கு மேடம். மூணு மணி, நாலு பேர். உங்களுக்கு ஒன்பதாம் நம்பர் குடுத்திருக்கு."

"ஒன்பது இல்ல. ஒன்றாம் நம்பர். படி இல்லாத லேன். வீல்சேர்ல வரோம்னு சொல்லியிருந்தேனே."

"இங்க அப்படி எதுவும் எழுதலையே. யார்கிட்டப் பேசினீங்க?"

"மூணு தடவை பேசினேன்."

"அதான், யார்கிட்ட? பேர் கேக்கலையா?"

"சரி, அந்த இரும்புச் சட்டமாவது எடுத்துட்டு வாங்க. பந்து வெச்சுத் தள்றது."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கேட்டாள். அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் வந்தார். சட்டைப் பையில் சிரிப்பு முகம் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தார்.

"அது எங்க இன்னொரு கிளைக்குப் போயிருக்கே மேடம். போட்டிக்காக எடுத்துட்டுப் போனாங்க. புதன்கிழமை வந்துடும்."

"இன்னிக்கு சனிக்கிழமை சார்."

"ஆமா" என்றார், அது ஏதோ அவளுடைய தவறு மாதிரி.

"ஒன்றாம் நம்பர்ல இருக்கறவங்களைக் கொஞ்சம் மாறிக்கச் சொல்ல முடியுமா? அவங்க எல்லாரும் படி ஏறி இறங்குவாங்க. எங்க அப்பாவால முடியாது."

"அவங்க பெரிய பார்ட்டி மேடம். பாதி ஆட்டத்துல எழுப்பினா நல்லா இருக்காது. கவலைப்படாதீங்க, ஒண்ணு பண்ணித் தரேன்."

குருவி திரும்பிப் பார்த்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, லேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அம்மாவின் முகம் மாறியிருந்தது. ஆனால் கவுன்ட்டரில் நடந்ததால் இல்லை. அவள் பார்வை லிஃப்ட் வாசலில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தது.

அங்கே சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

ரொம்ப இளைத்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. வருவதா திரும்புவதா என்று ஒரு காலை முன்னால் வைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றார்.

"இவனை யாரு…" என்று ஆரம்பித்தாள் அம்மா.

"அம்மா, கொஞ்சம் பொறு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் குருவி.

அப்பா நாற்காலியை அரைவட்டம் திருப்பினார். தம்பியைப் பார்த்தார். பிறகு, சின்னதாக, "வந்துட்டியா?" என்றார்.

அவ்வளவுதான். குருவி பதினாலு மாதம் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

"வந்துட்டேண்ணே" என்றார் சித்தப்பா.

அந்த நிமிடத்தில் ஒன்றாம் நம்பர் லேன் காலியாக இருந்து, சட்டமும் தன் இடத்தில் நின்றிருந்தால், இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அண்ணன் நேராக உருட்டிக்கொண்டு உள்ளே போயிருப்பார். தம்பி பந்தை எடுத்துச் சட்டத்தின் தலையில் வைத்திருப்பார். அப்புறம் யாருமே எதுவும் பேச வேண்டியிருந்திருக்காது.

ஆனால் மேனேஜர் வந்தார். கையில் ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் டைனோசர்.

"சார், இது குழந்தைங்களுக்கானதுதான். ஆனா வேலை ஒண்ணுதான்! முதுகு மேல பந்து வெச்சுத் தள்ளினாப் போதும், ஜாலியா இருக்கும்" என்றார். வாலைப் பிடித்து டைனோசரைத் தூக்கிக் காட்டினார்.

பக்கத்து லேனில் இருந்த ஒரு குழந்தை, "எனக்கு, எனக்கு" என்று கத்தியது.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

"பரவாயில்ல" என்றார் அப்பா. அவர் குருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பிள்ளை ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கா. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவோம்."

---

ஒன்பதாம் நம்பர் லேனுக்கு இரண்டு படி இறங்க வேண்டும். இரண்டே படி. நடக்கிறவர்கள் கண்ணுக்கு அது படியென்றே தெரியாது.

மேனேஜர் கை தட்டினார். சீருடை போட்ட இரண்டு ஆட்கள் வந்தார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். பீரோவைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள்.

"சார், பெல்ட் போடலை, இருங்க, இருங்க…" என்று குருவி கத்துவதற்குள் முன்னால் இருந்தவர் ஒரு படியைத் தவறவிட்டார்.

நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. அப்பாவின் வலது கால் மிதிபலகையிலிருந்து நழுவி, கயிறு அறுந்த மாதிரி தொங்கியது. உடம்பு சரிந்தது. பிடித்துக்கொள்ள அவர் நீட்டியது வலது கையை, பிடிக்க வலுவில்லாத கையை.

சித்தப்பா பாய்ந்தார். எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தாங்கினார்.

"அண்ணே, நான் தூக்கிக்கறேன். நான் தூக்கிக்கறேண்ணே."

"தொடாதே!"

அப்பாவின் குரலா அது? ஒன்றாம் நம்பரில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைத் தொடாதேடா. கையை எடு."

சித்தப்பா உடனே கையை எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணன் விழுந்துவிடுவார். ஆட்கள் நாற்காலியைத் தரையில் வைத்து நிமிர்த்தும்வரை தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"காது கேக்கலையா?" என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். "அவரே சொல்லிட்டார். போ."

அவர் போனார்.

அப்பா குனிந்து, இடது கையால் தன் வலது காலைத் தூக்கி மிதிபலகையில் வைத்தார். ஒரு பொருளை இருந்த இடத்தில் திருப்பி வைக்கிற மாதிரி வைத்தார். அப்புறம், "பந்தைக் குடு" என்றார்.

"அப்பா, போயிடலாம்பா."

"வந்ததுக்கு ஒண்ணு. குடு."

குருவி இருப்பதிலேயே கனம் குறைந்த பந்தை எடுத்து டைனோசரின் முதுகில் வைத்தாள். குழந்தைகள் நின்று விளையாடுகிற பொம்மை அது. அப்பாவின் முழங்காலுக்கும் கீழே இருந்தது. எட்டவில்லை. அவர் பக்கவாட்டில் சரிந்து, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தகடு வைத்த கையின் விரல்நுனியால் தள்ளினார்.

பந்து இறங்கியது. ஓடவில்லை. நடந்தது. பாதித் தூரம் போய், இன்னும் கொஞ்சம் போய், கட்டைகளுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டது.

இயந்திரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்கு மினுக்கியது. மேலே திரையில் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை வாத்து தேம்பித் தேம்பி அழுதது. விளையாட்டுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து லேன் குழந்தை கைதட்டிச் சிரித்தது.

அப்பாவும் சிரித்தார். குருவி அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"போதும்மா" என்றார். "வீட்டுக்குப் போலாம்."

---

குருவி படிக்கட்டில் ஓடினாள். சித்தப்பா லிஃப்டில் போகவில்லை. மூன்று மாடியையும் நடந்தே இறங்கியிருந்தார். கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சித்தப்பா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அவங்க இரும்புச் சட்டம் இருக்குன்னு சொன்னாங்க. படி இல்லாத லேன் தரேன்னு சொன்னாங்க. எல்லாம் சரியா இருந்திருந்தா…"

"நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு."

"அப்பா முதல்ல 'வந்துட்டியா'ன்னு கேட்டார். கேட்டீங்கல்ல? மனசுல ஒண்ணும் இல்லாமத்தானே கேட்டார்? அடுத்த வாரம் வேற இடத்துல…"

"அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கப்பல் கட்டுற எடத்துல வேலை கிடைச்சிருக்கு. கப்பலுக்குள்ளயும் லிஃப்ட் இருக்கே. ரெண்டு வருஷம் ஒப்பந்தம். திங்கக்கிழமை காலையில கிளம்பறேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணனைப் பாக்கணும்னுதான் நீ கூப்பிட்டதும் வந்தேன். பாத்துட்டேன்."

"அப்பாகிட்டச் சொல்றேன்."

"வேண்டாம். அவர் நிம்மதியா இருக்கட்டும்."

"அவர் நிம்மதியாவா இருக்கார்?"

சித்தப்பா கிட்டே வந்தார். அவள் தலையில் கையை வைத்தார். பிறகு அந்தக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். சற்றுமுன் கேட்ட 'தொடாதே' இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது போலும்.

மேலே வந்தபோது மேனேஜர் அவளுக்காகக் காத்திருந்தார். "சாரி மேடம். அடுத்த தடவை வரும்போது எல்லாருக்கும் ஒரு கூல்டிரிங்க்ஸ் இலவசம்." நாலு கூப்பன்களை நீட்டினார்.

குருவி வாங்கவில்லை. வாய் ஓயாதவளுக்கு அன்று வார்த்தை தேடித் தேடித்தான் கிடைத்தது.

"நானும் உங்களை மாதிரிதான் சார். போன்ல சொல்றதைக் கேட்டு எழுதி வைக்கறதுதான் என் வேலை. ஒருத்தருக்கு ஊசின்னா பயம்னு சொன்னா அதையும் எழுதுவேன். நீங்க எழுதாம விட்டது ஒரே ஒரு வரி சார். வீல்சேர்னு ஒரு வார்த்தை. எங்க வீட்டுல என்ன போச்சுன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

மேனேஜர், "ஒரு ஃபார்ம் இருக்கு மேடம், குறைகளை அதுல எழுதிக் குடுத்தீங்கன்னா…" என்றார்.

---

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. வெயில் இன்னும் ஜன்னல் கம்பியில் இருந்தது.

அப்பா தானாகவே சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். இடது கையால், ஒவ்வொன்றாக.

"இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார். "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போதும்."

அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் அங்க வந்து நின்னான்? செய்யறதையும் செஞ்சுட்டு, தூக்கறானாம் தூக்க! அவனைப் பாத்ததும்தான் எல்லாம் கெட்டுது. காலையில எவ்வளவு நல்லா இருந்தீங்க!"

"நான்தாம்மா கூப்பிட்டேன்" என்றாள் குருவி.

"நீயா?" அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா? உங்க அப்பா இந்த நாற்காலியில உக்காந்திருக்கறதே அவனாலதான். பவரைப் போடறதுக்கு முன்னாடி கூண்டு மேல ஆள் நிக்குதான்னு பாக்காதவன் அவன். அவனைப் போய்…"

"நிறுத்து" என்றார் அப்பா.

"நான் ஏன் நிறுத்தணும்? நீங்க வாயைத் திறந்து கேக்கலைங்கறதாலதானே நான்…"

"பவரைப் போடுன்னு கத்தினது நான்."

அம்மா வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"கூண்டு மேல ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை முதல்ல போட்டுக்கணும். அப்புறம்தான் மேல ஆளுக்குக் குரல் குடுக்கணும். ஸ்விட்சைப் போட்டிருந்தா, பவர் வந்தாலும் கூண்டு தானா நகராது. அன்னிக்கு அவசரம். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு பாத்தேன். அதைப் போடாமலே 'பவரைப் போடுடா'ன்னு கத்திட்டேன். அவன் ரெண்டு தடவை கேட்டான். 'அண்ணே, ஸ்விட்சைப் போட்டுட்டீங்களா, போட்டுட்டீங்களா'ன்னு. நான் 'போடுடான்னா போடுடா'ன்னு திட்டினேன். அவன் போட்டான்."

அப்பா அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்ப நீ வராந்தாவுல அவனைத் திட்டிட்டிருந்தே. கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டுது. அவன் சொல்லிடுவான்னு நான் காத்திருந்தேன். அவன் வாயைத் திறக்கல. நான் சொல்லுவேன்னு அவன் காத்திருந்திருப்பான். நானும் திறக்கல." அப்பா மூச்சு வாங்கினார். "அப்புறம் ஒரு நாள் ஆச்சு. ஒரு வாரம் ஆச்சு. நீ என்னைக் குளிப்பாட்டறே, துணி மாத்தறே, கடைக்கும் போறே. இதுக்கெல்லாம் நானேதான் காரணம்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஒரு மாசம் தாண்டினதும் வாய் பூட்டிக்கிச்சு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப எதுக்குப்பா இன்னிக்கு அவரைத் தொடாதேன்னீங்க?" என்றாள் குருவி. அழுகையில் அவளுக்கே அவள் பேச்சு புரியவில்லை.

"அவன் கை பட்டதும் எனக்கு எல்லாம் வந்துடுச்சு. இன்னும் ஒரு நொடி பிடிச்சிருந்தான்னா அத்தனை பேர் நடுவுல அவனைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன். அங்க என்னால அவன் கால்ல விழவும் முடியாது, ஓடவும் முடியாது." அவர் தன் கால்களைப் பார்த்தார். "அவனாவது போகட்டும்னுதான் கத்தினேன்."

"அவர் திங்கக்கிழமை போறாருப்பா" என்றாள் குருவி. "ரெண்டு வருஷத்துக்கு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவிழ்த்த பொத்தான்களில் ஒன்றைத் திரும்பப் போட முயன்றார். விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. "அவனைக் கூப்பிடு" என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

குருவி போனை எடுத்தாள். அம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் துரத்தினேன்" என்றாள். "நான்தான் கூப்பிடணும்."

ஹாலுக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். மறுமுனையில் போன் மணி மூன்று முறை அடித்தது. அதற்குள் அவள் மனதில் என்னென்னவோ வந்தது. வராந்தாவில் அவர் தலை குனிந்து நின்றது. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆமாண்ணி, தப்புத்தான்' என்றது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"யாரு? குருவியா?"

அவளால் பேச முடியவில்லை. வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது.

"யாரு… அண்ணியா?"

பதினாலு மாதத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்த அழைப்பில் அவளுக்கு எஞ்சியிருந்த குரலும் போனது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள். தேம்பல் மட்டும் போனில் கேட்டிருக்கும்.

அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"அண்ணி, அழாதீங்க. தயவுசெஞ்சு அழாதீங்க. நான் அங்க வந்திருக்கவே கூடாது, எனக்குத் தெரியும். குருவி மேல கோவப்படாதீங்க, சின்னப் பொண்ணு. என்னை மன்னிச்சிடுங்க. இனிமே உங்க கண்ணுல படவே மாட்டேன். இது சத்தியம்."

"இல்ல…" என்றாள் அம்மா. முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

ஆனால் அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் மறுபடி அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. மறுபடியும் அழைத்தாள். அதே குரல், அதே பதில்.

உள்ளிருந்து சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது. அப்பா அறை வாசல்வரை வந்து நின்றிருந்தார். நீலச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார், ஒவ்வொன்றும் துளை மாறி.

"என்ன சொன்னான்?" என்றார். "வரானா?"